கருவிழித் தொற்றும் கிருமி எதிர்ப்பு லென்ஸும்: முதுநிலை ஆய்வைத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கருவிழித் (கண்ணின் முன்புறம் கண்ணாடிபோல் இருக்கும் கார்னியா) தொற்று, கருவிழிப் புண் ஆறும் விதம், கிருமிகளை அண்டவிடாத கான்டாக்ட் லென்ஸ் ஆகியவற்றுள் ஒன்றை முதுநிலை ஆய்வுக்கோ முனைவர் பட்டத்துக்கோ எடுத்துக்கொள்ளும் மாணவர்களில் பலர் ஒரே தவற்றில் தொடங்குகிறார்கள். அவர்கள் கையில் முதலில் ஒரு பொருள் இருக்கிறது. அது வெள்ளி நானோதுகளாகவோ, மூலிகைச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த சேர்மமாகவோ, புதிதாக உருவாக்கிய பெப்டைடாகவோ (சிறு புரதத் துண்டு) இருக்கலாம். கிருமி வளர்க்கும் கூழான அகார் தட்டில் அது கிருமியைக் கொல்வதைப் பார்த்துவிட்டு, இதை எங்கே பயன்படுத்தலாம் என்று தேடிக்கொண்டே கடைசியில் கண்ணுக்கு வந்து சேர்கிறார்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டும். கேள்வி நோயாளியின் கண்ணிலிருந்து வரட்டும். பொருளைப் பிறகு தேடிக்கொள்ளலாம். கீழே சொல்லப்படும் யோசனைகள் அனைத்தும் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை.

முதல் இரண்டு வாரம்

பதிவு முடிந்து அடையாள அட்டை கைக்கு வந்ததும் நேரே ஆய்வகத்துக்குப் போகாமல், நெறியாளரிடம் சொல்லி, ஒரு கண் மருத்துவமனையின் கருவிழிப் பிரிவில் இரண்டு வாரமாவது உட்கார்ந்து பார்க்க அனுமதி வாங்குங்கள். அறுவடைக் காலமாக இருந்தால் இன்னும் நல்லது. நெல்லின் சுணை, உமி, சோளத்தட்டை, செங்கல் தூசி, மாட்டின் வால்மயிர் என்று கண்ணில் பட்டதைச் சொல்லும் நோயாளிகள் வரிசையில் இருப்பார்கள். சிலர் தாய்ப்பாலோ பச்சிலைச் சாறோ விட்டுப் பார்த்துவிட்டு, வலி தாங்காமல் ஒரு வாரம் கழித்து வந்திருப்பார்கள். இன்னும் சிலர் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு மருந்தை விட்டிருப்பார்கள். காயத்தின் தன்மை, தாமதம், ஏற்கெனவே விட்ட மருந்து ஆகிய மூன்றும் நோயின் போக்கையே மாற்றிவிடும். ஆய்வகக் குடுவையில் இவை எதுவும் இருப்பதில்லை என்பதை மனத்தில் பதித்துக்கொள்வதற்காகவே அந்த இரண்டு வாரம்.

அங்கே கட்டாயம் பார்க்க வேண்டியது, புண்ணைச் சுரண்டி மாதிரி எடுக்கும் முறை. நோயாளி, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியின் முன் தாடையை வைத்து அமர்ந்திருக்க, மருத்துவர் மரப்பு மருந்து விட்டு, மெல்லிய தகடு போன்ற கிமுரா கரண்டியால் புண்ணின் விளிம்பையும் அடியையும் சுரண்டுகிறார். கிடைப்பது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு துளி. அதைக் கொண்டுதான் எல்லாம் நடக்க வேண்டும். ஒரு கண்ணாடித் துண்டில் தடவியது, பாக்டீரியாவை வகைபிரித்துக் காட்டும் கிராம் சாயத்துக்குப் போகிறது. இன்னொன்றில் 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் வைத்தால், பூஞ்சை இழைகள் இருக்கும் பட்சத்தில் சில நிமிடங்களிலேயே கிளைவிட்டுத் தெரியும். மீதியை ரத்த அகார், சாக்லேட் அகார், உருளைக்கிழங்கு அகார் தட்டுகளில் பிறை பிறையாகக் கீறுகிறார்கள். ஏன் பிறை வடிவம் என்றால், பின்னர் கீறலின் மேல் வளர்வதை மட்டுமே புண்ணிலிருந்து வந்ததாக எடுத்துக்கொள்ளலாம். கீறலை விட்டு விலகி வளர்வது பெரும்பாலும் காற்றிலிருந்து விழுந்த மாசு. அகாந்தமீபா என்னும் ஒருசெல் உயிரி என்று சந்தேகம் இருந்தால், சத்தில்லாத அகாரின் மேல் ஈ. கோலை பாக்டீரியாவைப் பரப்பி, அந்தத் தட்டில் மாதிரியை வைப்பார்கள். அமீபா பாக்டீரியாவைத் தின்றுகொண்டே ஊர்ந்து சென்ற தடம் தெரியும். இவ்வளவு சிறிய மாதிரியிலிருந்து எத்தனை சோதனைகள் சாத்தியம் என்பதை நேரில் பார்த்தவர், தம் ஆய்வுத் திட்டத்தில் ஒரு நோயாளியிடமிருந்து ஐந்து வகைச் சோதனைகளுக்கு மாதிரி எடுக்கப்படும் என்று எழுதமாட்டார்.

எந்த மக்களின் நோய்?

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு 1994-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்த கட்டுரை 1997-இல் வெளியானது. அவர்களில் 65 விழுக்காட்டினர் கண்ணில் அடிபட்டிருந்தது. கிருமி வளர்ந்த மாதிரிகளில் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறத்தாழச் சம அளவில், தலா 47 விழுக்காடு இருந்தன. பாக்டீரியாவில் நிமோகாக்கஸும், பூஞ்சையில் ஃபுசேரியமும் முதலிடத்தில் இருந்தன. மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் 11 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாக 1996-இல் வெளியான மற்றொரு கணக்கு, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு கவுண்டியில் எடுத்த கணக்கைப்போல் பத்து மடங்கு.

இதற்கு மாறாக, லென்ஸ் அணிவது பரவலான நாடுகளில் கருவிழித் தொற்றின் முக்கியக் காரணங்களில் ஒன்றாகக் கான்டாக்ட் லென்ஸே இருக்கிறது. அங்கே முதல் எதிரி சூடோமோனாஸ் ஏருஜினோசா என்னும் பாக்டீரியா. ஆகவே அங்கிருந்து வரும் கட்டுரைகளின் முன்னுரை சூடோமோனாஸில் தொடங்குவது இயல்பு. அந்த முன்னுரையை அப்படியே தம் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்ளும் தமிழ்நாட்டு மாணவர், திருமங்கலத்து வயலில் கதிர் அறுப்பவரின் புண்ணைப் பற்றிப் புள்ளிவிவரம் கொடுத்துவிட்டு, சென்னைக் கல்லூரி மாணவி அணியும் லென்ஸுக்குத் தீர்வு சொல்கிறார். வாய்மொழித் தேர்வில் புறத் தேர்வாளர் முதலில் கை வைக்கும் இடம் அதுதான்.

இதனால் இந்தியாவில் கிருமி எதிர்ப்பு லென்ஸ் பற்றிய ஆய்வே வேண்டாம் என்று சொல்லவில்லை. யாருக்கான லென்ஸ் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். பார்வைக் குறைபாட்டுக்காக அணியும் லென்ஸ் ஒன்று. கருவிழியில் மேல்தோல் உரிந்தவர்களுக்கும் அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும் கட்டுப்போல வைக்கும் பாண்டேஜ் லென்ஸ் இன்னொன்று. நாள்கணக்கில் கழற்றாமல் வைக்கப்படும் இதில் தொற்று வந்துவிடுமோ என்ற அச்சம் மருத்துவருக்கு எப்போதும் உண்டு. மருந்தைச் சுமந்து சென்று மெல்ல வெளிவிடும் லென்ஸ் மூன்றாவது. பூஞ்சைப் புண்ணுக்கு மணிக்கொரு தரம் நாட்டமைசின் சொட்டு விட வேண்டியிருக்கும் நம் சூழலில், என் கணிப்பில், மூன்றாவதற்கே தேவை அதிகம்.

படிக்கும்போது எதைத் தேடுவது

கட்டுரைகளை எண்ணிக்கைக்காகப் படிக்க வேண்டாம். ஆய்வகம் சொன்னதும் கண் சொன்னதும் எங்கே முரண்பட்டன என்று பார்த்துப் படியுங்கள். மூன்று எடுத்துக்காட்டுகளைத் தருகிறேன்.

வோரிகோனசோல் என்னும் பூஞ்சைக்கொல்லி கருவிழிக்குள் நன்றாக ஊடுருவும்; நாட்டமைசினோ பெரிய மூலக்கூறு, நீரில் கரையாது, ஊடுருவலும் குறைவு. தர்க்கப்படி முன்னதுதான் வெல்ல வேண்டும். அரவிந்த் மருத்துவமனைகளும் சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய சோதனையில் 323 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். 2013-இல் முடிவு வெளியானபோது பழைய நாட்டமைசினே வென்றிருந்தது, அதுவும் ஃபுசேரியம் தொற்றில் தெளிவான வேறுபாட்டோடு. வோரிகோனசோல் பெற்றவர்களில் கருவிழி துளைபட்டவர்கள் அதிகமாக இருந்ததால், கண்காணிப்புக் குழுவின் யோசனைப்படி, திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டும் முன்பே ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது.

இரண்டாவது ஆக்ஸிஜன் பற்றியது. லென்ஸ் கருவிழிக்குக் காற்று போகாமல் தடுப்பதாலேயே தொற்று வருகிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. பிரையன் ஹோல்டனும் ஜார்ஜ் மெர்ட்ஸும் 1984-இல், கருவிழி வீங்காமல் இருக்க லென்ஸ் எவ்வளவு ஆக்ஸிஜனை விட வேண்டும் என்பதற்குப் ஆக்ஸிஜன் கடத்தும் திறனின் (Dk/t) அலகில் பகலுக்கு 24, இரவுக்கு 87 என்று அளவு வகுத்தார்கள். 1999 முதல் சந்தைக்கு வந்த சிலிக்கோன் ஹைட்ரோஜெல் லென்ஸ்கள் அந்த அளவை எட்டின. ஆனால் ஆஸ்திரேலியாவில் நடந்து 2008-இல் வெளியான கணக்கெடுப்பில், சாதாரண மென் லென்ஸோடு தூங்குவோரில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு 19.5 பேருக்கும், சிலிக்கோன் ஹைட்ரோஜெல்லோடு தூங்குவோரில் 25.4 பேருக்கும் தொற்று வந்திருந்தது. மென் லென்ஸைப் பகலில் மட்டும் அணிந்தவர்களில் அது 1.9 தான். காற்று கிடைத்தும் தொற்று குறையவில்லை. அப்படியானால் லென்ஸ் வேறு எதைக் கெடுக்கிறது? கண்ணீர் லென்ஸுக்கும் கருவிழிக்கும் இடையே தேங்கிவிடுவதா, மேல்தோலின் தற்காப்பு தளர்வதா, லென்ஸின் மேல் கிருமி படலம் கட்டித் தங்குவதா? கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் சுசான் ஃபிளெய்சிக்கின் ஆய்வுக் குழு பல ஆண்டுகளாகக் காட்டிவருவது என்னவென்றால், நலமான கருவிழியின் மேல் சூடோமோனாஸை ஊற்றினாலும் தொற்று எளிதில் ஏற்படுவதில்லை. கண்ணுக்கே அவ்வளவு எதிர்ப்பு இருக்கும்போது, கிருமியைக் கொல்லும் லென்ஸைத் தேடுவதைவிட, கண்ணின் எதிர்ப்பைக் குலைக்காத லென்ஸைத் தேடுவதும் ஓர் ஆய்வுக் கேள்வியே. இந்தப் பக்கம் வரும் மாணவர்கள் குறைவு, வரலாம்.

மூன்றாவதை அவமானம் தரும் பாடம் என்றே சொல்வேன். நேபாளத்தின் பக்தபூரில் கிராமச் சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு, கருவிழியில் கீறல் பட்ட 442 பேருக்குக் குளோராம்ஃபெனிகால் களிம்பு போடப்பட்டது. அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் களிம்பு போட்டவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை என்று 2001-இல் எழுதினார்கள். சில ரூபாய்க் களிம்பு செய்ததை உங்கள் நானோதுகள் எந்த வகையில் மேம்படுத்தும் என்ற கேள்விக்கு ஆய்வேட்டில் ஒரு பத்தியாவது பதில் இருக்க வேண்டும்.

ஆறும் புண்ணை அளப்பது

கருவிழியின் நடுப்பகுதி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன் உள்ளது. அதில் பத்தில் ஒன்பது பங்கு கொலாஜன் இழைகள் அடுக்கடுக்காக அமைந்த ஸ்ட்ரோமா. அதன் மேல் ஐந்து முதல் ஏழு அடுக்குகள் கொண்ட மேல்தோல். இந்த மேல்தோல் ஏழு முதல் பத்து நாளில் முழுவதும் புதுப்பிக்கப்படுகிறது. கருவிழியும் வெண்விழியும் சேரும் விளிம்பில் இருக்கும் ஸ்டெம் செல்களிலிருந்து புது உயிரணுக்கள் நடுவை நோக்கி நகர்ந்து வருவதும், அடியிலிருந்து மேலே ஏறுவதும், மேலிருந்து உதிர்வதும் சமநிலையில் இருக்கின்றன என்று தாஃப்டும் ஃபிரெண்டும் 1983-இல் சொன்ன கருத்தே இன்றும் இத்துறையின் அடிப்படை. விளிம்பு எரிந்துபோனவர்களுக்கு, நல்ல கண்ணிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சில்லுகளாக்கிப் பனிக்குடச் சவ்வின் மேல் ஒட்டிவைக்கும் எளிய முறை, ஹைதராபாத் எல். வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்திலிருந்து 2012-இல் வெளிவந்தது. உயிரணு வளர்ப்பகம் இல்லாமலேயே இதைச் செய்யலாம் என்பது இதன் அழகு.

மாணவர்கள் பெரும்பாலும் கையாள்வது கீறல் சோதனை. தட்டில் பாய்விரித்தாற்போல் வளர்ந்த கருவிழி மேல்தோல் உயிரணுக்களின் நடுவே பிப்பெட் நுனியால் ஒரு கோடு கீறி, அது மூடுவதைப் படமெடுப்பார்கள். எளிது, மலிவு, ஏமாறுவதும் எளிது. கோடு மூடியது உயிரணுக்கள் நகர்ந்ததாலா, பெருகியதாலா என்று இச்சோதனை தானாகச் சொல்லாது. பெருக்கத்தை நிறுத்த மைட்டோமைசின் சேர்த்த தட்டு ஒன்றும், சீரம் குறைத்த தட்டு ஒன்றும் கூடவே இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தைப் படமெடுக்கத் தட்டின் அடியில் பேனாவால் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். இதை மறந்துவிட்டு, கோடு எங்கே அதிகம் மூடியிருக்கிறதோ அங்கே நுண்ணோக்கியை நிறுத்துவது மனித இயல்பு. முடிந்தால் படங்களின் பெயரை மறைத்து, வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள்.

அடுத்த படி முழுக் கருவிழி. ஆட்டுக் கண் நம் ஊரில் எளிதில் கிடைக்கும். இறைச்சிக் கூடத்தில் முன்கூட்டியே பேசி வைத்து, வெட்டிய ஓரிரு மணி நேரத்துக்குள் ஈரமும் குளிர்ச்சியும் குறையாமல் கொண்டுவர வேண்டும். வட்டக் கத்தியால் மேல்தோலை மட்டும் நீக்கி, கருவிழியை விளிம்போடு வெட்டியெடுத்து, மேற்பரப்பு காற்றில் இருக்கும்படி ஊடகத்தில் அமர்த்தி வளர்க்கலாம். ஃப்ளோரெசின் என்னும் சாயத்தை விட்டு நீல ஒளியில் பார்த்தால், மேல்தோல் இல்லாத இடம் பச்சையாக ஒளிரும். மருத்துவர் நோயாளியிடம் பார்ப்பதும் இதையே. ஆனால் மேல்தோல் மூடியதை ஆறியது என்று எழுதிவிடாதீர்கள். ஸ்ட்ரோமாவின் உயிரணுக்கள் டி.ஜி.எஃப்.-பீட்டா என்னும் புரதத்தின் தூண்டுதலால் சுருங்கும் தன்மை கொண்ட மயோஃபைப்ரோபிளாஸ்டுகளாக மாறினால், புண் மூடிய பிறகும் தழும்பு நின்றுவிடும். நோயாளியின் பார்வையைப் பறிப்பது பல நேரம் அந்தத் தழும்புதான். தழும்பைக் குறைக்கும் என்ற நம்பிக்கையில் பாக்டீரியாப் புண்ணுக்கு ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டு சேர்த்துப் பார்த்த 500 பேர் கொண்ட சோதனை 2012-இல் வெளியானது. மூன்று மாத முடிவில், மொத்தத்தில் பார்வையில் வேறுபாடு இல்லை.

லென்ஸைச் சோதிப்பது

செக் வேதியியலர் ஓட்டோ விக்டெர்லே 1961-இல் பிள்ளைகளின் இணைப்பு விளையாட்டுப் பொருளைக் கொண்டு ஒரு சுழல் இயந்திரம் கட்டி, வீட்டில் வைத்தே முதல் மென் லென்ஸ்களை வார்த்தார் என்பது இத்துறையில் எல்லோருக்கும் பிடித்த கதை. இன்று லென்ஸை நீங்களே வார்க்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. விற்பனையில் உள்ள ஒன்றை எடுத்து மேற்பூச்சு இடுவதே வழக்கம். எந்த வகை லென்ஸ், எத்தனை விழுக்காடு நீர், மின்னூட்டம் உடையதா இல்லையா என்பதை ஆரம்பத்திலேயே குறித்துவையுங்கள்.

கிருமி எதிர்ப்பு இரண்டு விதம். ஒன்று, மருந்தோ வெள்ளியோ லென்ஸிலிருந்து கசிந்து வெளிவந்து கொல்வது. மற்றது, லென்ஸின் மேற்பரப்பில் பிணைத்துவிட்ட பொருள், தன்னைத் தொடும் கிருமியை மட்டும் பாதிப்பது. கசிவு முறையில் முதல் சில மணி நேரத்தில் பெரும்பங்கு வெளியேறிவிடும். பிறகு கொல்லும் அளவுக்குக் கீழே மருந்து சொட்டிக்கொண்டிருப்பது, எதிர்ப்புத் திறன் பெற்ற கிருமிகளை வளர்க்கும் வழி. இந்தக் கசிவை மெதுவாக்க லென்ஸுக்குள் வைட்டமின் ஈ-யைத் தடுப்பாக வைக்கும் யோசனை ஃபுளோரிடாவில் அனுஜ் சௌகானின் குழுவிலிருந்து வந்தது. பிணைப்பு முறைக்குச் சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் பணி நல்ல பாடம். அங்கே முதலில் டெலிசியா புல்க்ரா என்னும் சிவப்புக் கடற்பாசியின் ஃபிம்ப்ரொலைடு என்னும் சேர்மங்களைப் பூசிப் பார்த்தார்கள். அவை பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று சைகை அனுப்புவதைக் குலைப்பவை. பிறகு தேனீ விஷத்தின் மெலிட்டினையும் சால்மன் மீனின் புரோட்டமைனையும் இணைத்து 29 அமினோ அமிலங்கள் கொண்ட மெலிமைனை உருவாக்கினார்கள். அதைச் சுருக்கி 17 அமினோ அமிலங்கள் கொண்ட மெல்-4 என்னும் பெப்டைடுக்கு வந்தார்கள். அதைப் பூசிய லென்ஸை மனிதர்கள் அணிந்து பார்த்த சோதனை ஹைதராபாதில் நடந்தது. பாசியிலிருந்து நோயாளி வரை வர இருபது ஆண்டு போல ஆகியிருக்கிறது என்பதை, மூன்று ஆண்டில் சந்தைக்குக் கொண்டுவருவேன் என்று நிதி விண்ணப்பத்தில் எழுதும் முன் நினைத்துக்கொள்ளுங்கள்.

சோதனையின் செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் கிருமிகள் கொண்ட கரைசலில் லென்ஸை 37 டிகிரியில் 18 முதல் 24 மணி நேரம் வைத்து, உப்பு-பாஸ்பேட் கரைசலில் மூன்று முறை மெதுவாகக் கழுவி, ஒட்டாத கிருமிகளை நீக்க வேண்டும். பிறகு சிறிய காந்தக் கோலோடு குழாயில் போட்டு அதிரவைத்து, ஒட்டியவற்றைப் பெயர்த்து, பத்துப் பத்து மடங்காக நீர்த்து, தட்டில் பரப்பி, மறுநாள் எண்ண வேண்டும். முப்பதுக்கும் முந்நூறுக்கும் இடையே காலனி உள்ள தட்டையே கணக்கில் எடுங்கள். முடிவை விழுக்காட்டில் எழுதுவதைவிட லாக் அளவில் (ஒரு லாக் குறைவு என்றால் பத்தில் ஒன்றாகக் குறைவது) எழுதுவது நேர்மை. 99 விழுக்காடு கொன்றோம் என்றால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் பத்து லட்சத்தில் பத்தாயிரம் உயிரோடிருக்கிறது என்று பொருள். லென்ஸ் கரைசல்களுக்கான ஐ.எஸ்.ஓ. 14729 தரம் பாக்டீரியாவுக்கு 3 லாக், பூஞ்சைக்கு 1 லாக் குறைவைக் கேட்கிறது. அது கரைசலுக்கான தரமே ஒழிய லென்ஸுக்கானது அன்று. ஆனாலும் அதில் சொல்லும் ஐந்து கிருமி வகைகளைச் சேர்த்துக்கொண்டால் உங்கள் எண்களைப் பிறர் எண்களோடு ஒப்பிட முடியும்.

இந்தச் செய்முறையில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் நானே விழுந்திருக்கிறேன். என் முதல் ஆண்டில், பூச்சிட்ட லென்ஸிலிருந்து பெயர்த்த கரைசலைப் பரப்பிய தட்டுகள் நான்கு மாதம் தொடர்ந்து வெறுமையாக இருந்தன. நீர்க்காத குழாயிலிருந்து பரப்பிய தட்டு வெறுமை. ஆயிரம் மடங்கு நீர்த்ததில் மட்டும் எட்டுப் பத்துக் காலனிகள். கணக்குப்படி வர முடியாத முடிவு அது. நீர்க்காத குழாயில் லென்ஸிலிருந்து கழன்று வந்த பொருள் தட்டின் மேலும் கொன்றுகொண்டிருந்தது. நீர்த்ததும் அதன் வலு குறைந்து, உண்மையில் உயிரோடிருந்தவை எழுந்து வந்தன. லென்ஸ் கொன்றதாக நான் எழுதிவைத்திருந்தவற்றில் பாதி, தட்டில் கொல்லப்பட்டவை. டே–எங்லி அகார் போன்று கிருமிக்கொல்லியைச் செயலிழக்கச் செய்யும் ஊடகத்தில் பரப்புவதே இதற்கு மருந்து. அந்த ஊடகம் உங்கள் பொருளை உண்மையிலேயே செயலிழக்கச் செய்கிறதா, அதுவே கிருமியைப் பாதிக்கிறதா என்று இரண்டையும் தனியே சோதித்துக் காட்ட வேண்டும்.

அகாரில் தெளிவு வட்டம் தோன்றுவதை நம்பிப் பிணைப்பு முறைப் பூச்சைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நன்றாகப் பிணைந்த பூச்சு வட்டம் காட்டாது. வட்டம் காட்டினால் அது பிணையவில்லை என்றே பொருள். அடுத்து, எல்லாச் சோதனையையும் ஒரு முறையாவது லைசோசைம், லாக்டோஃபெரின், ஆல்புமின் சேர்ந்த செயற்கைக் கண்ணீரில் ஊறவைத்த லென்ஸில் செய்யுங்கள். கண்ணில் வைத்த சில நிமிடங்களிலேயே புரதங்கள் லென்ஸின் மேல் படிந்துவிடும். அந்தப் படிவுக்கு அடியில் உங்கள் பூச்சு மூச்சுத் திணறும். 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்த (அழுத்த நீராவியில் கிருமி நீக்கிய) பிறகும் பூச்சு நிற்கிறதா, லென்ஸின் ஒளி ஊடுருவலும் வளைவும் ஈரத்தன்மையும் மாறவில்லையா, மேல்தோல் உயிரணுக்கள் சாகவில்லையா என்பவை அதற்குப் பின்.

கிருமியைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சொல். ஏ.டி.சி.சி. என்னும் கிருமிச் சேமிப்பகத்தின் 9027 போன்ற தரப்படுத்திய சூடோமோனாஸோடு, மருத்துவமனையில் நோயாளியின் புண்ணிலிருந்து எடுத்த ஐந்தாறு வகைகளாவது வேண்டும். சூடோமோனாஸிலேயே மேல்தோல் உயிரணுவுக்குள் புகுந்து தங்கும் வகையும், வெளியிலிருந்தே அதைக் கொல்லும் வகையும் உண்டு. ஒன்றுக்கு நடப்பது மற்றதற்கு நடக்காது. மருந்து எதிர்ப்பும் கற்பனை அன்று. சென்னைக்கு அருகே தயாரித்து அமெரிக்காவில் விற்ற செயற்கைக் கண்ணீர்ச் சொட்டோடு தொடர்புபடுத்தப்பட்ட, கார்பாபெனெம் என்னும் வலிய ஆன்டிபயாடிக்குகளுக்கும் அடங்காத சூடோமோனாஸ், 2022–23-இல் அந்நாட்டின் 18 மாநிலங்களில் 81 பேரைத் தாக்கியது. நான்கு பேர் இறந்தார்கள், பதினான்கு பேர் பார்வை இழந்தார்கள்.

அனுமதிகளும் எண்ணிக்கையும்

நோயாளியின் மாதிரி எதையும் தொடும் முன் நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். மருத்துவமனை ஒன்று, பல்கலைக்கழகம் ஒன்று என்று இரண்டு குழுக்கள் இருந்தால் இரண்டிலும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளைப் படித்துவிட்டு விண்ணப்பம் எழுதுங்கள். ஒப்புதல் படிவம் தமிழில், நோயாளி வாசித்தால் புரியும் தமிழில் இருக்கட்டும். முயல், எலி எதுவானாலும் விலங்கு நெறிமுறைக் குழு தனி. கான்டாக்ட் லென்ஸ் மருத்துவச் சாதனம் என்பதால், மனிதர்கள் அணியும் சோதனை 2017 மருத்துவச் சாதன விதிகளுக்குள் வரும். முதல் நபரைச் சேர்க்கும் முன் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவதும் கட்டாயம். முதுநிலை ஆய்வில் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆட்டுக் கருவிழி வரை நன்றாகச் செய்தாலே அது ஒரு நல்ல ஆய்வேடு. விண்ணப்பங்கள் மாதக்கணக்கில் நிற்கும் என்பதால், முதல் பருவத்திலேயே அனுப்பிவிட்டு, அனுமதி தேவைப்படாத தரப்படுத்திய கிருமிச் சோதனைகளை அதற்குள் முடித்துக்கொள்வது வழக்கம்.

புள்ளியியலரைக் கடைசியில் பார்க்காமல் தொடக்கத்திலேயே பாருங்கள். ஒரே குடுவையில் வளர்த்த கிருமியில் போட்ட மூன்று லென்ஸ்கள் மூன்று சோதனை ஆகா, ஒன்றுதான். மூன்று வெவ்வேறு நாளில் தனித்தனியே வளர்த்த கிருமியில் செய்தால்தான் மூன்று. ஒரே ஆட்டின் இரண்டு கண்ணும், ஒரே நோயாளியின் இரண்டு கண்ணும் அப்படியே. ஒரு கண்ணில் பூச்சிட்ட லென்ஸும் மறு கண்ணில் சாதாரண லென்ஸும் வைப்பது நல்ல ஏற்பாடு, ஆனால் அதை இணைத்தே கணக்கிட வேண்டும்.

நோயாளியிடமிருந்து எடுத்த ஒவ்வொரு கிருமியையும் முதல் வாரத்திலேயே கிளிசராலில் கலந்து, கழித்தல் 80 டிகிரியில் இரண்டு பிரதிகள் வையுங்கள். ஒன்று உங்கள் உறைபெட்டியில், மற்றது வேறொரு கட்டடத்தில். குழாயில் பெயருக்குப் பதில் எண்ணும், எடுத்த தேதியும், அன்று நோயாளி விட்டுக்கொண்டிருந்த மருந்தும் இருக்கட்டும். மூன்றாம் ஆண்டில் தேர்வாளர் ஒரு முடிவைச் சந்தேகித்து மறுபடி செய்துகாட்டச் சொல்லும்போது, அந்த இரண்டாவது குழாயைத்தான் தேடிப் போவீர்கள்.